குத்தாது, கடிக்காது

வேம்புலி தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடற்கரைச் சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பை உதறிப் போட்டு, அதன்மேல் மனசாட்சிகளை வரிசையாக அடுக்குவான். விரிப்பின் நான்கு மூலையிலும் கயிறு கட்டியிருக்கும். இன்ஸ்பெக்டரின் தொப்பி தெரிந்தால் ஒரே இழுப்பு. கடை மூட்டையாகி, மூட்டை தோளில் ஏறிவிடும். மனிதன் செவ்வாய்க்கு வந்து எழுபது வருடமாகியும், இந்தக் கயிற்றை மிஞ்சிய தொழில்நுட்பம் எதுவும் நடைபாதைக்கு வந்து சேரவில்லை.

கடற்கரைச் சாலை என்றதும் யாரும் கடலைத் தேட வேண்டாம். முதலில் குடியேறிய சென்னைக்காரர்கள், குவிமாடத்துக்குக் கூரை போடும் முன்பே சாலைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே பல கோடி கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. பெயர் இருந்தால் போதும், பொருள் எதற்கு என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்ட புண்ணியவான்கள் அவர்கள்.

"வா சார், வாம்மா! பாக்கப் பளபள, உள்ள ஒண்ணுமில்ல! குத்தாது, கடிக்காது, கூசாது! ஷோரூம் வெளக்கு, ஷோரூம் ஸ்டிக்கர், உள்ள மட்டும் சுத்தக் காலி! எவன்கிட்ட வேணா காட்டிக் கேளு!"

அவன் விற்றது உறுத்தி. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். இடது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். தெரிந்தே பொய் சொன்னாலோ, தெரிந்தே தப்புச் செய்தாலோ மூளையில் எழும் அலையை அது படித்துவிடும். உடனே கடைவாய்ப் பல்லில் சுரீரென்று ஓர் இழுப்பு இழுக்கும். ஒரு காலத்தில் முதல் குவிமாடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர், கண்ணாடியின் கனத்தில் கைவைத்துவிட்டு, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டார். குவிமாடம் விரிசல் விட்டது. அதன்பிறகு வந்ததுதான் வாய்மைச் சட்டம். காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரியாதவர்கள் ரயிலேற முடியாது, வேலைக்குப் போக முடியாது, ரேஷன் காற்றுகூடக் கிடைக்காது.

உறுத்தி செய்ய ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் அனுமதி. அதன் பெயரை உச்சரிக்கவே உரிமம் வேண்டும் என்பதால் நாமும் நிறுவனம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் ஷோரூமில் வாங்கப் பசையுள்ள கை வேண்டும், ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டும். ஏழைபாழைகள் என்ன செய்வார்கள்? நடைபாதைக்கு வந்தார்கள். நடைபாதைச் சரக்கில் விளக்கு மட்டும் எரியும். விளக்கு மட்டும்தான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. 'அஞ்சே நிமிஷத்துல வந்துடறேன்' என்றும், 'நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க பாத்துச் செய்யறதைச் செய்யுங்க' என்றும் பல் கூசாமல் சொல்ல முடியாவிட்டால் அப்புறம் என்ன தமிழ் வாழ்க்கை? பூமியில் தலையைக் காப்பாற்ற ஹெல்மெட் வாங்கியவர்களைவிடப் போலீஸ்காரருக்குக் காட்ட வாங்கியவர்கள்தான் அதிகம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்துவிட்டுச் செவ்வாயின் குழந்தைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வேம்புலியிடம் வருவார்கள்.

தொழிலில் அவன் யோக்கியன். எந்தப் பெட்டி வந்தாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பிறகுதான் மற்றதை விற்பான். "நானே போட்டுக்கினு கீறேன், பாரு!" என்று காதை மடக்கிக் காட்டுவான். அவன் அம்மா உட்கார்ந்து விற்ற அதே நாலடி இடம். அந்த இடத்தில் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

அன்று வந்தது.

வந்தவர் கல்யாணத் தரகர் பூவராகன். கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஏன்யா, நீயெல்லாம் மனுஷனா? டூப்ளிகேட்னு சொல்லி ஒரிஜினலை வித்திருக்கியே!"

"இன்னா சார் பேசறே? எங்க அம்மா மேல சத்தியமா டூப்ளிகேட்டு!"

"அப்ப எதுக்குய்யா குத்துது? நாலு நாளா ஒரு ஜாதகமும் முடியல. மாப்பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேக்கறாங்க. முப்பத்தொண்ணுன்னு வாயத் தொறந்தா உயிர் போகுது. நாப்பத்தாறுன்னு சொன்னாத்தான் வலி நிக்குது. என் பொழப்பே போச்சு!"

வேம்புலியின் நாக்கு தானாகத் தன் கடைவாய்ப் பல்லுக்குப் போனது. நாலு நாளாக அவனுக்கும் அங்கே வலிதான். சொத்தை என்று நினைத்துக் கிராம்பு வைத்திருந்தான். இப்போது யோசித்துப் பார்த்தான். 'இதான் கடைசிப் பீஸு' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் வலித்திருந்தது. 'உனக்குன்னுதான் எடுத்து வச்சேன்' என்றபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூட்டையைக் கட்டிக்கொண்டு மொத்த வியாபாரி கோதாவரி அக்காவின் கிடங்குக்கு ஓடினான். அக்கா சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, கடைசியா குட்த்த பெட்டி ஒரிஜினலுக்கா! குத்துதுக்கா!"

"கத்தாதடா. கம்பெனி குடோன்ல கழிச்சுக் கட்டுன சரக்குன்னு லாட்டா வந்துச்சு. காலியாத்தான் இருக்கும்னு தள்ளிவுட்டேன். உள்ள மருந்து இருந்துச்சா?"

"ஒரிஜினலை எதுக்குக்கா கம்பெனி கழிச்சுக் கட்டணும்?"

அக்கா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "குத்துற சரக்கை எவண்டா காசு குட்த்து வாங்குவான்? பெரிய மனுஷங்கல்லாம் வாங்குன வேகத்துல திருப்பிக் குட்த்தாங்க. ஆறு வருஷமா கம்பெனி நம்ம காலிச் சரக்கைத்தான் எடுத்துக்கினு போவுது. டப்பாவும் ஸ்டிக்கரும்தான் அவங்களது."

"அப்ப ஷோரூம்ல வாங்கிப் போட்டுக்கினு கீறாங்களே, அவுங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? குத்தலைன்னா, நாம அவ்ளோ யோக்கியம் போலன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிக்கினு கீறான்."

வேம்புலி கிடங்கில் கிடந்த ஒரு கொக்கியால் தன் காதுக்குப் பின்னால் நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. காலிச் சரக்கு நகத்தால் கீறினால் வந்துவிடும். அசல் ஒட்டிய மறுநாளே நரம்பில் வேர் விட்டுவிடும், ஷோரூம் கருவி இல்லாமல் எடுக்க முடியாது.

திரும்பி வந்தபோது அவனுடைய நாலடி இடத்தில் முப்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில், போலி பிடிக்கும் அசல் பாதுகாப்புத் துறையின் இன்ஸ்பெக்டர் தணிகாசலம். என்ன கூட்டம் என்று அவர் சும்மாதான் கேட்டிருந்தார். பூவராகன் 'ஒண்ணுமில்ல சார்' என்று ஆரம்பித்து, 'ஐயோ' என்று அலறி, சகலத்தையும் ஒப்பித்துவிட்டார். மற்றவர்களும் வரிசையில் நின்று, போலி வாங்கத்தான் வந்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். செவ்வாயின் வரலாற்றில் அவ்வளவு உண்மையை ஒரே இடத்தில் யாரும் கேட்டதில்லை.

தணிகாசலம் வேம்புலியைத் தனியே அழைத்துப் போனார். அவர் கெட்டவர் இல்லை. மாதம் ஒருமுறை விரிப்பிலிருந்து தமக்குப் பிடித்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாரே தவிர, யார் வயிற்றிலும் அடித்ததில்லை.

"இத பாரு வேம்புலி. போலி வித்தேன்னு ஒத்துக்கோ. எச்சரிக்கை பண்ணி அனுப்பிடுவாங்க. மறுநாள் கடை போடலாம். ஒரிஜினல்னு மட்டும் வாயத் தொறந்துடாதே. பில் இல்லாத ஒரிஜினல் கம்பெனித் திருட்டு. துருவத்துப் பனிச் சுரங்கத்துல அஞ்சு வருஷம். போனவன் எவனும் பத்து விரலோட திரும்பினதில்ல. புரியுதா?"

"புரியுது சார். டூப்..." என்றான் வேம்புலி. அதற்குமேல் வரவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அவன் பொய் சொல்லப் பழகினான். வாழ்நாள் முழுதும் மூச்சு விடுவதுபோல் செய்த காரியம். கிராம்பெண்ணெய் தடவிக்கொண்டு சொல்லிப் பார்த்தான். வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டு சொல்லிப் பார்த்தான். ஆறே எழுத்துச் சொல், இரண்டாம் எழுத்தில் உயிரை எடுத்தது. பல்லைப் பிடுங்கிவிடலாமென்று பல் டாக்டரிடம் போனால், வலி அடுத்த பல்லுக்கு மாறிக்கொள்ளும் என்றார் அவர். அவனுக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். விரல்களை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டான். உண்மை சொல்லிக் கெட்டவன் என்று தன் பரம்பரையிலேயே தான்தான் முதல் ஆளாக இருக்கப் போகிறோம் என்பதை நினைக்க அவமானமாகவும் இருந்தது.

நீதிமன்றத்தில் நடுவர் அம்மாள் காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு சாந்தமாக எரிந்தது. நிறுவனத்தின் வக்கீல் காதிலும் அப்படியே.

"நீ விற்றது அசலா, போலியா?" என்று கேட்டார் நடுவர்.

தணிகாசலம் கண்ணால் ஜாடை காட்டினார். வேம்புலி வாயைத் திறந்தான். வேர்த்துக் கொட்டியது. "டூ... டூ..." என்றான். பிறகு அணை உடைந்ததுபோல் கொட்டிவிட்டான்.

"ஒரிஜினலுமா! நான் வித்தது அத்தினியும் ஒரிஜினலு. கம்பெனி ஷோரூம்ல விக்கறதுதான் டூப்ளிகேட்டு. உங்க காதுல இருக்கறதும் டூப்ளிகேட்டு. வக்கீல் ஐயா காதுல இருக்கறதும் டூப்ளிகேட்டு. அது நாங்க போட்ட சரக்கு!"

நீதிமன்றம் விழுந்து விழுந்து சிரித்தது. வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நிறுவனம் எதையும் மறைப்பதில்லை. இப்போதே சோதித்துப் பார்க்கலாம்" என்றார்.

நேர்மையான ஒருவரை வைத்துச் சோதிப்பதென்று முடிவாயிற்று. இன்ஸ்பெக்டர் தணிகாசலம் முன்வந்தார். அவர் இடது காதில் ஷோரூம் உறுத்தி ஐந்து வருடமாக இருந்தது. ஒருநாளும் குத்தியதில்லை என்று துறை அவருக்கு நற்சான்றிதழே கொடுத்திருந்தது.

"ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றார் நடுவர்.

"என் பணிக்காலத்தில் நான் யாரிடமும் கை நீட்டியதில்லை" என்றார் தணிகாசலம், நெஞ்சை நிமிர்த்தி. ஒன்றும் ஆகவில்லை.

விற்றது போக வேம்புலியின் மூட்டையில் அந்தப் பெட்டி உறுத்திகள் மூன்று மீதி இருந்தன. ஒன்றை எடுத்து அவருடைய வலது காதுக்குப் பின்னால் ஒட்டினார்கள்.

"அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள்."

"என் பணிக்காலத்தில் நான் யாரிடமும் கை..."

அவர் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற காவலர் உள்ளே ஓடி வந்தார். நாலு பேர் பிடித்து உட்காரவைத்து, வேர் விடும் முன் உறுத்தியைப் பிய்த்து எறிந்தார்கள்.

வேம்புலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை வலியால் இல்லை. அம்மாடி, நிரூபணமாகிவிட்டது! இனி சுரங்கத்துக்குப் போனாலும், பொய்யன் என்று யாரும் சொல்ல முடியாது.

நடுவர் தீர்ப்பை வாசித்தார்.

"நிறுவனத்தின் உறுத்தி நேர்மையான அதிகாரியைக் குத்தவில்லை, ஆகவே அது சரியாக வேலை செய்கிறது. நடைபாதை உறுத்தி அதே நேர்மையான அதிகாரியை அநியாயமாகக் குத்தியிருக்கிறது. இதைவிடப் போலிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? குற்றவாளி, தான் விற்றது இன்னதென்றே அறியாத பேதை. அவரை எச்சரித்து விடுவிக்கிறேன். போலியால் பாதிக்கப்பட்ட அனைவருக்கும் அதை அகற்றி, அசல் பொருத்தித் தர நிறுவனம் பெருந்தன்மையுடன் முன்வந்திருக்கிறது."

வேம்புலி வாயைத் திறந்தான். பனிச் சுரங்கம் ஞாபகம் வந்தது. பொய் சொன்னால்தானே குத்தும்? சும்மா இருப்பதற்குக் குத்துமா? கொஞ்சம் குத்தத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான்.

மறுநாள் ஷோரூம் வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய், முகம் தெளிந்து வெளியே வந்தார்கள். பூவராகன் படியிறங்கும்போதே செல்பேசியில், "மாப்பிள்ளைக்கு முப்பதுதான் ஆகுது, தங்கமான பையன், குடி கிடையாது" என்று பேசிக்கொண்டே போனார். முப்பத்தொன்றிலிருந்து இன்னும் ஒரு வயது குறைந்திருந்தது.

வேம்புலியின் முறை வந்தது. பழையதை வேரோடு பிடுங்கும்போது உயிர் போய் வந்தது. புதியதை ஒட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த தணிகாசலம் பதிவேட்டை நீட்டினார்.

"இனிமே போலிச் சரக்கைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு."

"சத்தியமா தொட மாட்டேன் சார்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பல் சும்மா இருந்தது. நாக்கால் தடவிப் பார்த்தான். பரம சுகம்.

"எப்படி இருக்கு?"

"ஒரிஜினல்னா ஒரிஜினல்தான் சார்" என்றான் வேம்புலி.

வெளியே வந்து தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பான். நடுநெஞ்சில் என்னவோ லேசாகச் சுருக்கென்றது. திடுக்கிட்டு நின்று, காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மறுபடி சுருக்கென்றது. இது என்ன புது வலி என்று அவனுக்கு விளங்கவில்லை. காலையில் மொச்சைக்கொட்டை தின்றது நினைவுக்கு வந்தது. வாயுவாகத்தான் இருக்க வேண்டும். முக்குக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தான். ஓர் ஏப்பம் வந்தது. சரியாகிவிட்டது.