இச்சிமரத்துத் தாகம்

உண்ணாமலை மூடியை எடுத்துப் பார்த்தாள். நேற்றிரவு கழுத்துவரை ஊற்றி வைத்த பானையில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. விரிசல் இல்லை. பானையை இருத்திய மணல்கூட நனையவில்லை. மூடிமேல் வைத்த கல்லும் அவள் எடுக்கும்வரை வைத்தபடியே இருந்தது.

கிணறு நாளுக்கு இரண்டு பானைதான் சுரந்தது. ஒன்று அவளுக்கு, ஒன்று சினையாய் நிற்கும் மயிலைப் பசுவுக்கு. கன்று விழ இன்னும் பத்து நாள். அதுவரை எப்படியாவது தாங்கவேண்டும்.

கீரனூருக்கு வண்டி கட்டிய பக்கத்து வீட்டு அழகி வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி, நீயும் ஏறு. ஊரே காலியாப்போச்சு."

"மயிலையால அம்புட்டுத் தூரம் நடக்க முடியாதுக்கா."

"அப்ப அந்த மாட்டோடதான் குடும்பம் நடத்தப்போறியாக்கும்?"

"அவரு ரங்கூன் போனாரு. அங்கிட்டுக் குண்டு விழுற சண்டை வந்து கடுதாசியும் நின்னுபோச்சு. இங்கிட்டு நான் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குறது அது ஒண்ணுதானே."

அழகி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற இச்சிமரத்தையே பார்த்தாள். "பனையே பட்டுப்போச்சு. இது மட்டும் எதைக் குடிச்சுத் தளதளன்னு நிக்குது?"

வண்டிச் சத்தம் செம்மண் தடத்தில் தேய்ந்து மறைந்தபின், நாய்க் குரைப்போ உலக்கைச் சத்தமோ இல்லாத ஊரில், காய்ந்த ஓலை எங்கோ உரசுவதையும் தன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவதையும் மட்டும் கேட்டபடி அவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். அந்த மரத்தில் ஒரு காக்கைகூட உட்காருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உச்சி வெயிலில் ஒரு சத்தம் கேட்டது. கன்று மடி முட்டிக் குடிப்பதுபோல. வீட்டுக்குள்ளிருந்து.

பானையைத் தூக்கினாள். வரவில்லை. மணலைக் கையால் விலக்கினாள். மணலுக்குள்ளிருந்து கிளம்பிய வெள்ளை வேர்கள், தலைமயிர் கனம்தான், பானையின் அடியில் அப்பிக் கிடந்தன. பானை கசியவிட்ட ஈரத்தையெல்லாம் அவை குடித்திருந்தன. அரிவாளால் அறுத்தாள். அறுபட்ட நுனிகள் சுருண்டு மணலுக்குள் போயின.

சத்தம் நிற்கவில்லை. இப்போது கொட்டகையிலிருந்து.

"மயிலை!"

கழுத்து மணி ஆடவில்லை.

ஓடினாள்.

பசு நின்றுகொண்டுதான் இருந்தது. தோல் எலும்போடு ஒட்டி. வயிறும் ஒட்டி. நாலு காலிலும் வேர். மூக்கில் வேர். அதை விழாமல் பிடித்திருந்ததே வேர்தான். காதிலிருந்து ஒரு தளிர். செம்பு நிறம். ஈர மினுமினுப்பு.

"ஆத்தா... ஒன் கன்னு..."

அவள் கண்ணில் நீர் முட்டியது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது.

தளிர் மெல்ல அவள் முகத்தின் பக்கம் திரும்பியது.