வெறுந்தொட்டில்

மோட்டரை நிறுத்திய பிறகும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இதுவும் இனிப் பழுதா? இல்மாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்து விட்டுப்போன பழைய லயத்துக் காம்பரா ஒன்றை, உள்ளே வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் நெஞ்சு கனத்துப்போகிற மாதிரி அமைத்துத் தருவதுதான் அவள் வேலை. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டு, ஈரவிறகுப் புகையையும் நனைந்த கம்பளி வாடையையும் மூலைக்கு மூலை பரப்பி, வெளிச்சத்தை அடுப்படியளவுக்குச் சுருக்கியும் வைத்துவிட்டாள். முதலாளி அஸீம் நேற்று வந்து பார்த்துக் கொட்டாவி விட்டார். ஒன்றுமே மனதில் படவில்லையாம். இன்று நாலு மணிக்கு அவர் மறுபடி வரும்போதும் அப்படியே இருந்தால் வேலை வேறு ஆளுக்கு. ஆறு மாத வயிற்றோடு கட்டுகஸ்தோட்டையிலிருந்து தினமும் பஸ் மாறி வந்தவளுக்கு இதுதான் மரியாதை. காலையிலிருந்து வயிற்றுப்பிள்ளை வேறு ஓயாமல் விலாவில் உதைத்தது.

முதலாளியின் மனதைத் தொடத்தான் உத்தரத்தில் இந்தச் சேலைத் தொட்டிலும், அதை ஆட்ட ஒரு சின்ன மோட்டரும். இதே லயத்தில் பிறந்து இப்போது கூட்டித் துடைக்க வரும் கஜனி, முதலில் ஒரு குழவிக்கல்லை உள்ளே கிடத்தினாள். அந்தப் பாரத்துக்கு மோட்டர் இழுக்கவில்லை. இல்மா கல்லை எடுத்து வாசலில் போட்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க மிஸ். மாசமா வேற இருக்கீங்க."

இல்மாவின் வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்தவள், கஜனியைத் தேத்தண்ணி ஊற்ற அனுப்பிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

இப்போது வயரையே பிடுங்கி எறிந்தாள். தொட்டில் நிற்கவில்லை. ஒலிபெருக்கியையும் நிறுத்தினாள். மழை ஓய்ந்ததும் உத்தரத்தில் கயிறு உராய்வது கேட்டது, மெதுவாக, எதையோ தாங்குவது போல. புகைக்குள் இன்னொரு வாடை. திரிந்த பால். தேங்காயெண்ணெய். அவள் வைக்காத வாடை.

தொட்டிலின் அடி தாழ்ந்திருந்தது.

கையால் பிடித்து நிறுத்தினாள். சேலை சூடாக இருந்தது. உள்ளங்கையில் ஓர் உதை. இன்னொன்று. சற்று நின்று, மூன்றாவது. காலையிலிருந்து விலாவில் வாங்கிய அதே உதை.

வாசலில் அஸீம் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இப்பதான் சரி இல்மா. நெஞ்ச என்னமோ செய்யுது. ஒன்னையும் மாத்த வாணாம்."

அவள் மற்றக் கையை வயிற்றில் வைத்தாள். அழுத்தினாள். தட்டினாள்.

அசைவில்லை.

சேலைக்குள்ளே ஒரு சின்னக் குதிகால் புடைத்து, மெல்ல நகர்ந்தது.