சறுக்குத் தடம்

வாரி முடித்த மணலில், திங்கட்கிழமை காலை, ஒரு சறுக்குத் தடம் கிடந்தது.

லெயோன் நகரத்துக் குதிரை அரங்கில் முப்பத்தெட்டு வருடமாகத் தரை பார்க்கிற எவோதியோவுக்குத் தடம் புதிதல்ல. பாய்ந்து வரும் குதிரை பின்னங்காலில் உட்கார்ந்து நிற்கையில் மணலில் விழும் இரட்டைக் கோட்டை நடுவர்கள் நாடா பிடித்து அளப்பார்கள், நீளத்துக்குத்தான் மதிப்பெண். ஆனால் இதற்கு, வந்த குளம்படியும் இல்லை, போன குளம்படியும் இல்லை. மே மாத வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, கோட்டுக்குள் மட்டும் சேற்று வாடை அடித்தது. ஆறு மீட்டர் இருக்கும். வாரி அழித்தார். செவ்வாயன்று பதினொன்று. வியாழனன்று பத்தொன்பது. எதிர்ச்சுவரைப் பார்த்துத்தான் நீண்டுகொண்டிருந்தது.

சுவர்வரை இருபத்தொன்பது மீட்டர். அது அவருக்கு அளக்காமலே தெரியும்.

அரங்குக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எழுபது வயது. நகராட்சி, அரங்கின் வாசலில் வரலாற்றுப் பலகை மாட்டியிருந்தது. யார் இடம் கொடுத்தது, எந்த வருடம் கூரை போட்டது என்று ஏதேதோ பெருமை. கடைசி வரியில், ‘வீரர் எர்மினியோ, குதிரை மிரண்டு சுவரில் மோதி இங்கே உயிர் நீத்தார்.’

குதிரை மிரளவே இல்லை. அன்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு எவோதியோ பீர் குடிக்கப் போயிருந்தார். இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். திரும்பி வந்தால் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. காய்ந்த மணலை மூட்டை மூட்டையாக மேலே தூவி மூடினார். எர்மினியோவின் குதிரை அதில் சறுக்கி, நிற்காமல் சுவர்வரை போனது. அப்புறம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு மதியம் அவர் மகள் நெரெய்தா அதே தரையில் சறுக்கி நிற்கப்போகிறாள்.

சனிக்கிழமை அவள் பாவாடைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

“நாளைக்கு ஏறாத கண்ணு.”

“ஏம்ப்பா? கெட்ட கனவா?”

“தரை சரியில்ல.”

“தரை பாக்குறதே நீதானே! சரியில்லன்னா சரி பண்ணு.” சிரித்தாள்.

அளவு நடுவர், கிழவர் செவெரோவின் வீட்டுக்கு ஓடினார். அன்று எர்மினியோவின் தடத்தை அளந்ததும் அவர்தான். எவோதியோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கிழவர் அலட்டிக்கொள்ளவில்லை.

“எனக்குத் தெரியாதா? அளக்கும்போதே பூட்ஸ் சேத்துல ஒட்டுச்சு. அதுக்குத்தான் பலகை மாட்டியாச்சே! போய்யா, போய் வேலையப் பாரு.”

ஞாயிறு காலை தடமே இல்லை. எவோதியோ முட்டி போட்டு ஒவ்வொரு முழமாகத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த மணல். சுடும் மணல். மதியம் ஊதுகொம்புகள் முழங்க, பொரித்த பன்றித்தோலும் எலுமிச்சையும் மணக்க, மூவாயிரம் பேர் எழுந்து நிற்க, நீண்ட ஓடுபாதையின் மறுகோடியிலிருந்து அகன்ற பாவாடை பறக்கப் பக்கவாட்டுச் சேணத்தில் அவர் மகள் பாய்ந்து வந்தாள். கடிவாளத்தை இழுத்தாள். குதிரை உட்கார்ந்தது, சறுக்கியது, நின்றது. கச்சிதம்.

எவோதியோவுக்கு மூச்சு வந்தது. அழுகையும் வந்தது.

செவெரோ குனிந்து நாடாவின் நுனியைச் செருகினார். “ஆறு!” என்று கத்தினார்.

அப்போதுதான் அந்த வாடை.

“ஏழு!”

குதிரை நின்றுதான் இருந்தது. நான்கு காலும் ஊன்றி, காது மடக்கி, நடுங்கிக்கொண்டு. நின்றபடியே போய்க்கொண்டிருந்தது.

“பன்னிரண்டு!”

கூட்டம் கை தட்டியது. சாதனை என்று நினைத்துக்கொண்டது.

“எறங்கு கண்ணு! எறங்கு!” கைதட்டலில் அது அமுங்கிப் போனது. ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. குனிந்து பார்த்தார். கணுக்கால்வரை சேறு.

“பத்தொன்பது!”

செவெரோவின் கையில் நாடா தானாகச் சுழன்றது. அவர் முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் எண்ணியது. நிறுத்த முடியவில்லை அவரால்.

சேணத்தில் நெரெய்தா திரும்பினாள். கூட்டத்தை அல்ல, அப்பாவைத்தான் பார்த்தாள். சிரிப்பு இல்லை.

“இருபத்தைந்து!”

மூவாயிரம் பேர். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கைதட்டல்.

“இருபத்தாறு!”

சுவருக்கு இன்னும் மூன்றே மீட்டர்.

“இருபத்தேழு!”