சிரிக்காத எட்டாவது முகம்

அம்மா செய்தது அநியாயம். வாசலில் நின்றுகொண்டு நான் அதைத்தான் கத்திக் கேட்டேன்.

"நாயை எனக்கு விட்டு வெக்கிறேன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் நீயே விளையாடிட்ட?"

அம்மா தோளிலிருந்து பையை இறக்கினாள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவளை யாராவது இப்படி வரவேற்பார்களா? நான் வரவேற்றேன். அவ்வளவு கோபம் எனக்கு.

என் அம்மா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறாள். துறைமுகத்தில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இறக்கிவிட்டுத் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்தால் இரண்டு நாள் வீட்டில் இருப்பாள். பிறகு மறுபடியும் பன்னிரண்டு நாள். அப்பா வீட்டிலேயே பல்செட் செய்கிறார். பின்னறை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் யாரும் அந்த அறையை இரண்டாவது தடவை எட்டிப் பார்த்ததில்லை.

எங்களிடம் கையில் பிடித்து விளையாடும் கேம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பயணத்துக்கு அது அம்மாவோடு லாரியில் போகும். அடுத்த பயணத்தின்போது என்னோடு வீட்டில் இருக்கும். அதில் நாங்கள் விளையாடுவது ஜப்பான்காரர்கள் செய்த ஒரு கதை விளையாட்டு. ஒரே கதை இல்லை, எட்டுக் கதை. பாலைவனத்தில் கிணறு தோண்டும் பாட்டன், கடிகாரம் மட்டும் திருடும் திருடன், விண்கப்பலில் சமைக்கும் ரோபோ, ஒரு நாய், படகுத்துறையில் விளக்கேற்றும் பெண் என்று எட்டுக் காலத்தில் எட்டுப் பேர். எதை முதலில் விளையாடுவது, எதைக் கடைசியில் விளையாடுவது என்பது நம் இஷ்டம். எட்டையும் முடித்தால்தான் ஒன்பதாவது கதை திறக்கும். அதில் எட்டுப் பேரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள்.

"சந்திக்கணும்னா ஒரு போன் பண்ணா போதாதா? எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்று அப்பா கேட்பார். அவருக்குப் பல்லைத் தவிர எதுவும் புரியாது.

திரையில் எட்டு முகங்கள் இருக்கும். முதலில் எல்லா முகமும் கண்ணை மூடியிருக்கும். ஒரு கதைக்குள் போனால் அந்த முகம் கண்ணைத் திறக்கும். கதையை முடித்தால் சிரிக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு விதி உண்டு. தொடங்கிய கதையைப் பாதியில் விடக் கூடாது. முடித்த கதையை அடுத்தவருக்கு வாயால் சொல்ல வேண்டும். ரோபோ கதையைச் சொன்னபோது அம்மா கை காலை விறைப்பாக வைத்துக்கொண்டு சமையலறையில் நடந்து காட்டி, ஒரு டம்ளரை உடைத்தாள். உண்மையைச் சொன்னால், நான் விளையாடிய கதைகளைவிட அம்மா சொன்ன கதைகள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஆனால் நாய் மட்டும் எனக்கு வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

ஆறு கதைகள் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தவை இரண்டு: நாய், படகுத்துறை. ஏழாவது முறை அம்மாவுடையது. "நான் படகுத்துறையை முடிச்சிடறேன். நாய் உனக்குத்தான்" என்று என் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். போனவள் நாயை முடித்துவிட்டு வந்து நிற்கிறாள்!

"கதையாவது கேளு தங்கம். அந்த நாய் இருக்கே..."

"எனக்கு வேணாம்."

இரண்டு நாளும் நான் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அம்மாவும் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். கிளம்பும்போது, "இந்தத் தடவை இருபது நாள் ஆகும்" என்றாள்.

"சரி" என்றேன், நிமிர்ந்து பார்க்காமல்.

எங்கள் தெருவுக்குள் லாரி நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவாள், நடந்துதான் போவாள். லாரியில் ஏறியதும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். அன்றைக்கும் அடித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். தெருமுனையில் யாரும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, பின்னறையில் அப்பா ஒதுக்கிப் போட்ட பிளாஸ்டர் பற்களில் இருபதைப் பொறுக்கி எடுத்தேன். ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். அம்மா கிளம்பும்போதெல்லாம் நான் செய்வது இது. எத்தனை நாளோ அத்தனை பல். தினமும் ஒன்றை எடுத்து டப்பாவில் போடுவேன். ஜன்னலில் கடைசிப் பல் மட்டும் மிச்சம் இருக்கிற நாளில் அம்மா வந்துவிடுவாள்.

"எவனாவது வெளியிலேருந்து பாத்தா, வீட்டுக்குப் பல் முளைச்சிருக்குன்னு நெனப்பான்" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் கேமைத் திறந்தேன். ஏழு முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. எட்டாவது, படகுத்துறைப் பெண், சிரிக்கவில்லை. ஆனால் அவளுடைய கண் திறந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அந்தக் கதைக்குள் போனதே இல்லை. அப்படியானால் அம்மா போயிருக்கிறாள். போய்விட்டுப் பாதியில் வெளியே வந்திருக்கிறாள். விதியை மீறியிருக்கிறாள்! என் அம்மா சாலையில் ஆளே இல்லாதபோதும் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துகிறவள். அவள் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என்னோடு படிக்கும் சுருட்டையிடம் கேட்டேன். சுருட்டைக்கு எல்லா கேமும் தெரியும். தெரியாததும் தெரியும்.

"படகுத்துறையா? ஐயய்யோ, தூங்கிடுவ! அதுல சண்டையே கெடையாது. முப்பது நாள் விளக்கைத் தொடைக்கணும், எண்ணெய் ஊத்தணும், படகு எண்ணணும். அவ்ளோதான். அதை மொதல்லயே முடிச்சுத் தொலைச்சிருக்கணும். வரிசை தெரியாம விளையாடியிருக்கீங்க."

"எங்கம்மா உள்ள போயிட்டு வெளிய வந்துட்டாங்க."

"போரடிச்சிருக்கும். முப்பதாவது நாள் தூரத்துல ஒரு படகு தெரியும். மணி அடிச்சா அது கரைக்கு வரும். அதுல அவளோட அம்மா இருப்பா. முடிஞ்சுது கதை."

'அவளோட அம்மா' என்பது மட்டும் என் காதிலேயே நின்றது. அன்றைக்கு வீட்டுப்பாடத்தை முடித்ததும் படகுத்துறைக்குள் போனேன்.

முதல் காட்சியிலேயே அந்தப் பெண்ணின் அம்மா படகில் ஏறுகிறாள். "முப்பது நாளில் வந்துவிடுவேன்" என்கிறாள். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டுகிறாள். படகு சின்னதாகி மறைகிறது. அவள் கரையில் கிடக்கும் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு அறைக்குப் போகிறாள். ஜன்னலில் ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். எண்ணினேன். முப்பது சிப்பி.

நான் கேமை மடியில் வைத்துவிட்டு என் ஜன்னலைப் பார்த்தேன். பத்தொன்பது பல் இருந்தது.

அம்மாவுக்குப் போரடிக்கவில்லை. எங்கேயோ ஒரு துறைமுகத்தில், லாரிகளின் வரிசையில் காத்திருக்கும்போது, கேபினில் தனியாக உட்கார்ந்து அம்மா இந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் அவளால் விளையாட முடியவில்லை. அதனால்தான் நாய்க்குப் போயிருக்கிறாள். நான் கத்தியபோது அதைச் சொல்லவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அம்மா உடனே வேண்டும் போல இருந்தது.

நானும் வெளியே வந்திருப்பேன். ஆனால் நானும் வந்துவிட்டால் இந்தக் கதையை யார் முடிப்பது? மறுபடியும் அம்மா தலையில்தானே விழும்? அம்மா இதை விளையாடக் கூடாது. நானே விளையாடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சுருட்டை சொன்னது சரிதான். அதில் சண்டையே இல்லை. விளக்கைத் துடைத்தேன். எண்ணெய் ஊற்றினேன். போகிற படகுகளை எண்ணினேன். ஒரு சிப்பியை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். கதையில் மறுநாளும் அதுவேதான். ஒரு சாயங்காலத்தில் கதையின் இரண்டு நாள் ஓடும். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. பதினேழாம் நாள் ஒரு படகு கிட்டே வந்து, வேறு யாரோ இறங்கிப் போனார்கள். அன்றைக்கு அந்தப் பெண் சாப்பிடவில்லை. நானும் பாதித் தட்டில் எழுந்துவிட்டேன்.

"என்னடா, பல்லு வலியா?" என்றார் அப்பா ஆவலாக.

"இல்லப்பா. வேற யாரோ எறங்கிட்டாங்க."

அவர் ஒரு முட்டையைப் பொரித்து வந்து என் தட்டில் வைத்தார்.

முப்பதாவது நாள் வந்தது. ஜன்னலில் ஒரே ஒரு சிப்பி. பனிக்குள்ளிருந்து எறும்பு அளவுக்கு ஒரு படகு தெரிந்தது. 'மணி அடிக்கப் பொத்தானை அழுத்தவும்' என்று திரையில் வந்தது.

என் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. இத்தனை நாள் காத்திருந்தேனே, அவள் வருவதை நான் பார்க்க வேண்டாமா? யாராவது ஒரு அம்மா இன்றைக்கு வந்தாலும் போதும் என்றிருந்தது எனக்கு.

அப்போது ஒன்று தோன்றியது. என் அம்மா இந்தக் கதையில் பார்த்தது போவதை மட்டும்தான். கிளம்பியதைப் பார்த்தாள், சிப்பிகளைப் பார்த்தாள், வெளியே வந்துவிட்டாள். வருவதை அவள் பார்க்கவே இல்லை.

விரலை எடுத்தேன். சேவ் செய்தேன்.

"முடிச்சிட்டியா?" என்றார் அப்பா.

"இல்ல."

"பாதியில விடக் கூடாதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ விதி உண்டே?"

"பாதி இல்லப்பா. ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. அது அம்மாவோடது."

அப்பா கையிலிருந்த பல்செட்டைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சார்ஜரைத் தேடி எடுத்து அவரே கேமைச் சார்ஜில் போட்டார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகும் என் ஜன்னலில் நான்கு பல் மிச்சம் இருந்தது. அந்த நான்கு நாளும் கேமைத் திறக்கவில்லை. திறந்தால் மணியை அடித்துவிடுவேனோ என்று பயம்.

கடைசிப் பல் மட்டும் நின்ற நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டு தடவை. நான் ஒரு காலில் என் செருப்பும் இன்னொரு காலில் அப்பாவின் செருப்புமாக ஓடினேன். அம்மா தெருமுனையிலேயே பையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள். டீசல் வாசனை அடித்தது.

"தங்கம், அந்த நாய் விஷயத்துல நான்..."

"அதை விடும்மா. மொதல்ல வந்து உக்காரு."

நாற்காலியில் உட்கார வைத்துக் கேமைக் கையில் கொடுத்தேன். திரையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"இது... அந்தப் பொண்ணு கதை."

"ஆமா. நீ உள்ள போயிட்டு வந்தது எனக்குத் தெரியும். கண்ணு தெறந்திருந்துச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "என்னால முடியலடா. அந்த ஜன்னலப் பாத்ததும்..."

"எனக்கும்தான் முடியல. ஆனா காத்திருக்கிறத எல்லாம் நான் விளையாடி முடிச்சிட்டேன். வர்றது மட்டும்தான் மிச்சம். அதை நீ விளையாடு. மணியை அடி!"

அம்மா மணி அடித்தாள்.

எறும்பு அளவு படகு பெரிதானது. கரையைத் தொட்டது. அந்தப் பெண்ணின் அம்மா இறங்கினாள். அந்தப் பெண் ஓடி வந்தாள். கடைசிச் சிப்பியை நீட்டினாள். அவளுடைய அம்மா அதை வாங்கிக்கொண்டாள். எட்டாவது முகம் சிரித்தது.

என் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஜன்னலுக்கு ஓடி, அங்கே நின்றிருந்த கடைசிப் பல்லை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

திரையில் ஒன்பதாவது கதையின் கதவு திறந்து மினுமினுத்தது.

"தொடங்கலாமா?" என்றாள் அம்மா.

"ம்ஹூம். வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல? மொதல்ல நீ எனக்கு நாய்க் கதை சொல்லணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தரையில் இறங்கி நான்கு காலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரை குரைத்தாள். பின்னறையிலிருந்து அப்பா பதிலுக்குக் குரைத்தார்.