காணோம் என்று சொல்லாத வீடு

மீன் பொரிந்துகொண்டிருந்தது, வாசனை வரவில்லை. எண்ணெய் சடசடத்தது, மசாலா தடவிய வஞ்சிரம் ஓரமெல்லாம் சிவந்து முறுகியது, ஆனால் நஜீபாவின் மூக்கில் எதுவும் ஏறவில்லை. ஜலதோஷம் பிடித்திருக்கும் என்று அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

மூக்கைப் பற்றி யோசிக்கவா நேரம்? கப்பலுக்குப் போன கணவர் நஸ்ருதீனிடமிருந்து பெருநாளுக்குப் பிறகு ஒரு போன் இல்லை. கப்பல் கம்பெனிக்காரன், மனைவியான அவளிடம்தான் பேசுவானாம், அதுவும் இங்கிலீஷில். ஒழுங்காகச் சொன்னால்தான் தேடுவார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் அஃபீஃபா மத்தியானத்திலிருந்து இங்கிலீஷ் வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடலுக்குப் போனவரை அந்தக் குடும்பத்தில் யாரும் 'காணோம்' என்று சொல்வதில்லை. எத்தனை மாதமானாலும் 'வந்துடுவாக' என்பார்கள். 'காணோம்' என்று சொன்னால் அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும் என்பது மாமியார் வாக்கு. இங்கிலீஷில் சொன்னால் ஒட்டாது என்று நஜீபா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'ஹி இஸ் மிஸ்ஸிங்' மத்தியானமே மனப்பாடம்.

அந்தி மஃரிபு பாங்கு ஓய்ந்தது. "நோ சைன் ஆஃப் ஹிம்" என்றாள் அடுத்ததாக.

கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரி லாரிகளின் இரைச்சல், பொழுதெல்லாம் அவர்களுடைய தலத்தெரு வீட்டு ஜன்னல்களை அதிரவைக்கும் இரைச்சல், சட்டென்று அறுந்தது. எட்டிப் பார்த்தாள். லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஜன்னலை விட்டு நகர்ந்தாள். "போதும்டி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"வாப்பா வேணுமா வேணாமா, உம்மா? இன்னும் ஒண்ணுதான். வித்தவுட் எ ட்ரேஸ், தடமே இல்லாமன்னு அர்த்தம். சொல்லுங்க."

அவர் வேண்டும். அதனால் சொன்னாள்.

விளக்கு வெளிச்சத்தில் சுவரில் ஒரே ஒரு நிழல். அவளுடையது.

திரும்பினாள். நாற்காலி இருந்தது. தொட்டால் சூடு. மகள் இல்லை.

"அஃபீஃபா?"

அடுக்களை. அறை. கொல்லை. இல்லை.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். கம்பெனிக்காரன் இல்லை, நஸ்ருதீன். உயிரோடு இருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"நஜீபா, யாராவது பேசுங்களேன். கப்பல்ல லைன் கெட்டுப் போயி இப்பதான் கரைக்கு வந்தேன். பக்கத்து வீட்டு மீரான் நானாவ அனுப்பிப் பாக்கச் சொன்னேன். கதவு தொறந்து கெடக்காம், உள்ள யாரும் இல்லையாம். எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

அலறினாள். சத்தம் வரவில்லை.

போனைப் பார்த்தாள். காதுயரத்தில் அது தானாக நின்றது. அதைப் பிடித்திருந்த கை இல்லை.