கடைசி எண்ணுக்கு முன்னால்

எனக்குப் பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. வீட்டுத் திருட்டு அலாரம் தானாக அணைகிறது என்று யாராவது பழுது பார்க்கக் கூப்பிட்டால், ஒன்று பேட்டரி போயிருக்கும், இல்லை வீட்டுக்காரர்களே அமுக்கிவிட்டு இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள். இத்தனை வருட அனுபவம் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அன்றும் அப்படித்தான் அலுத்துக்கொண்டே போனேன். மழை விட்டிருந்த சாயங்காலம். கதவைத் திறந்த அந்த வீட்டு மகன் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தினமும் இருட்டுற நேரத்துக்கு அலாரம் ஆஃப் ஆகுதுங்க. வீட்டுல ஆளுக்கொரு ரகசிய நம்பர், அதுல முதல் நம்பரைப் போட்டு அணைச்சிருக்குன்னு என் போனுக்கு மெசேஜ் வருது.”

“முதல் நம்பர் யாரோடது?”

“அப்பாவோடது. போன மாசம் தவறிட்டாரு.”

கூடத்து சோபாவில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். டிவி சத்தமில்லாமல் ஓடியது. அந்த முகத்தில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. மரத்துப் போயிருந்தது.

“அவர் நம்பரை எடுத்துடாதீங்க தம்பி. வீட்டுக்கு வர்ற மனுஷனை வெளியில நிக்க வைக்கிறதா?”

“அம்மா, சும்மா இரும்மா. எனக்கு மட்டும் எடுக்க ஆசையா?” மகனின் குரல் உடைந்தது.

நான் வேலையைப் பார்த்தேன். வாசற்கதவை ஒட்டி, உள்பக்கச் சுவரில் எண்களை அமுக்கும் கீபேட். அதன் கீழே சின்னப் பலகையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. ஓரமாக நகர்த்தினேன். உள்ளே கண்ணாடி கலகலத்தது.

“அவரோடதுதான்,” என்றார் அம்மா. “நாலு எண்ல மூணை மளமளன்னு அமுக்கிடுவாரு. கடைசிக்கு மட்டும் சந்தேகம் வந்துடும். கண்ணாடியை மாட்டிப் பார்த்துத்தான் அமுக்குவாரு.”

பழைய எண்ணை அழித்தேன். புது எண்ணை மகன் அமுக்கும்போது சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்தவர் எண்ணை நாங்கள் பார்ப்பதில்லை, அது தொழில் மரியாதை. பிறகு பழைய எண்ணை மகனையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். கீபேட் நீளமாகக் கத்தி மறுத்தது. அலாரத்தைப் போட்டுவிட்டோம்.

“கொஞ்சம் இருந்து பார்த்துட்டுப் போங்களேன்,” என்றார் மகன்.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜன்னல் மெல்லக் கறுத்தது. ஈர மண் வாசனை உள்ளே வந்தது. ஜன்னல்களோ மூடித்தான் இருந்தன.

பீப். பீப். பீப்.

நின்றது.

கீபேட் அருகில் யாரும் இல்லை.

பீப்.

நீளமான மறுப்பு.

திரும்பவும் மூன்று. நிறுத்தம். ஒன்று. மறுப்பு.

மகன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை.

“ஐயோ, தடுமாறுறாரே,” என்று அம்மா எழுந்தார். “இன்னும் ஒரு தடவை தப்பானா என்ன ஆகும் தம்பி?”

“சைரன் அடிக்கும்மா. கீபேட் பூட்டிக்கும்.”

அம்மா கீபேட் வரை போனார். தொடவில்லை.

“என்னங்க,” என்றார் தாழ்ந்த குரலில். “உங்க நம்பர் இப்போ செல்லாது. என்னோடதைப் போடுங்க.”

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் எழுந்து சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக்கதோஷம்.

பீப். பீப். பீப்.

முதுகுக்குப் பின்னால், டப் என்று ஏதோ திறக்கும் சத்தம்.

பீப்.

அலாரம் அணைந்தது. மகனின் போன் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

“உக்காருங்க,” என்றார் அம்மா. “தண்ணி கொண்டு வரேன்.”

மகன் உட்கார்ந்துதான் இருந்தார். என்னை அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். மகன் பின்னாலேயே வந்து கிசுகிசுத்தார்.

“அம்மா நம்பர் அப்படியே இருக்கட்டுங்க. அதை மட்டும் மாத்த வேணாம்.”

தலையாட்டினேன். பலகையில் கண்ணாடிக் கூடு திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடி இல்லை.