சாலோமி எழுதாத கடிதம்

மவுஸின் மேல் சாலோமியின் கை இல்லை. ஆனாலும் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

பாளையங்கோட்டையில் மூன்று நாளாக டிசம்பர் மழை. காயாத துணிகளின் புழுங்கல் வாடையும், ஜன்னல் கம்பியில் நீர் சொட்டும் ஓசையும், மேசையோரம் மோடத்தின் மெல்லிய முனகலுமாக, பகல் மூன்று மணியே அந்திபோல் மங்கிக் கிடந்தது. கணவர் ஞானசிகாமணிக்கு மணிமுத்தாறு அணையில் வெள்ள நேர வேலை. இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. ஒரே மகள் ஃபெபி கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளுக்கு மெயில் எழுதத்தான் ஜூன் மாதம் இந்தக் கம்ப்யூட்டரையே வாங்கினார்கள்.

அன்றைக்கு அதை மாட்டிக்கொடுத்த கிருபைராஜ் சொல்லத்தான் செய்தான்.

"டீச்சர், வைரஸ் பாக்குற சாப்ட்வேர் ஒண்ணு போட்டுத் தாரேன். பாஸ்வேர்டையும் இதுலயே சேத்து வச்சிராதீங்க."

"இங்கன எவன் வந்து என்னத்தப்பா எடுக்கப் போறான்? பிள்ளைக்கு எழுதுற லெட்டர்தான் இருக்கு. பைய பாத்துக்கலாம்."

மூன்று வாரம் முன்பு, முகம் தெரியாத யாரோ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் திறந்தாள். திரை முழுக்கப் பனி கொட்டியது. அழகாயிருக்கிறதே என்று மறுபடியும் திறந்தாள்.

இப்போது அம்பு அவசரமில்லாமல் போய், அவள் அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. மூடியது. பிறகு வெள்ளையாக ஒரு பெட்டி விரிந்து, ஆங்கில எழுத்துகளில் தமிழ் ஓடியது.

'பயப்படாத சாலோமி. ஃபெபி கிளம்பிட்டா.'

இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன். மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கிப் போனில் செருகினாள். விடுதிக்கு இரண்டாம் முறைதான் லைன் கிடைத்தது.

"ஃபெபியா? அரைமணி ஆச்சுங்களே," என்றார் வார்டன். "நீங்கதானுங்க மெயில் போட்டிருந்தீங்க? அப்பாவுக்கு நெஞ்சுவலி, கூட வேலை பாக்கறவர் கார்ல வர்றார், கிளம்பி வந்துருன்னு. புள்ள பிரிண்ட் எடுத்துக் காட்டுச்சு."

"நான் எழுதலைங்க."

"கடைசியில 'தலைக்கு எண்ணெய் வை, மூக்கி'ன்னுகூட இருந்துச்சுங்களே."

மூக்கி. வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பேர்.

"கார் நம்பர்? ஆள் எப்படி இருந்தாரு?"

"கண்ணாடியை இறக்கலைங்க. நான் பாக்கல. ஹலோ? ஹலோ?"

யாரைக் கூப்பிடுவது? எந்தக் கார் என்று சொல்வது? எந்த ரோடு?

முதுகுக்குப் பின்னால் திரையின் வெளிச்சம் மாறியது. திரும்பினாள்.

மோடத்தில் விளக்கு இல்லை. வயர் போனில் இருந்தது. திரையில் மட்டும் எழுத்து. ஒவ்வொன்றாக.

'அம்மா, கார்ல வந்துகிட்டு இருக்கேன். அங்கிள் பேசவே மாட்டேங்காரு.'

நின்றது.

பிறகு மெதுவாக,

'அம்மா, இது நம்ம ஊருக்கு வார ரோடு இல்ல.'